முன் இணைப்பில் குடியிருந்த குளவி

பராமரிப்புக் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. வண்டியின் காற்று இணைப்பு எதுவும், பயன்பாட்டில் இல்லாதபோது, மூடியின்றித் திறந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான். அதற்கு முந்தைய வரி கிரீஸ் பற்றியது, பிந்தைய வரி பெயின்ட் பற்றியது. நடுவில் மாட்டிக்கொண்ட இதை யாரும் கவனிப்பதில்லை. பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் நீங்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். படித்துவிட்டுப் போட்டவர்கள் கை தூக்கலாம். அவசரமில்லை.

அந்த மூடி கட்டைவிரல் பருமனுள்ள ஒரு ரப்பர்த் துண்டு. வண்டி புதிதாக வந்தால் முதலில் காணாமல் போவது அதுதான். எங்கள் கேரவனில் அது காணாமல் போனபோது மாற்று மூடி கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் வராததால் நினைவூட்டல் எழுதினேன். நினைவூட்டலை நினைவூட்டியும் எழுதினேன். விதிப்படி ஒரு பணிமனைப் பொறுப்பாளர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். மூடி மட்டும் வரவில்லை.

கேரவன் என்றதும் உங்களுக்கு நடிகர்கள் உட்கார்ந்து மேக்கப் போடும் வண்டி நினைவுக்கு வரும். எங்களுடையது சுற்றுலாப் பயணிகளுக்கானது. பஸ் சேஸிஸின் மேல் கட்டிய வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை, வெளியே விரியும் பந்தல் எல்லாம் உண்டு. பணிமனை கள்ளக்குறிச்சியில். வண்டி நிற்பதோ கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி அருவிக்குப் போகும் வழியில், ஒரு சாமைக் கொல்லையின் ஓரத்தில். தார்ச் சாலையிலிருந்து சரிவாக இறங்கும் மண்பாதையின் கடைசியில் மண்ணை வெட்டிச் சமன்படுத்தி, ஓடைப் பக்கம் கற்களை அடுக்கி, அதன்மேல் வண்டியை நிறுத்தியிருந்தோம். படுக்கையில் இருந்தபடியே ஓடை தெரிய வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் ஆசை. ஓடைக்கும் வண்டி தெரியும் என்பதை அவர்கள் யோசித்திருக்கவில்லை.

அந்த வீட்டில் காற்று செய்யாத வேலை கிடையாது. கதவைத் திறப்பது காற்று. படியை இறக்குவது காற்று. பின் அச்சின் மேல் ரப்பர்ப் பைகளில் அடைந்திருந்து மொத்த வீட்டையும் தாங்குவது காற்று. எல்லாவற்றுக்கும் மேல் பிரேக். கம்ப்ரஸர் ஒன்றுதான். அது பிடித்து அனுப்பும் காற்று ஈரத்தை உதறிவிட்டு, ஒரு வால்வில் வந்து பல கிளைகளாகப் பிரியும். முதல் பந்தி பிரேக் டேங்குகளுக்கு. அவை உண்டு முடித்த பிறகுதான் கதவுக்கும் படிக்கும். இந்த வரிசையை மாற்றி, கதவு சீக்கிரம் திறக்கட்டும் என்று பிரேக் டேங்கிலேயே துளை போட்டு இணைப்பு எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வாசற்படி வேகமாக இறங்கும். வண்டியும்தான்.

பல நாள் ஓட்டாமல் நின்றால் காற்று தானாகக் கசிந்து வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும். மலையில் விடியும்போது மூடுபனிக்குள் பார்த்தால் ஒரு பெரிய வெள்ளை மாடு படுத்து அசைபோடுவது போலத் தெரியும். எஞ்சினைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் எழும். மாடு எழுவது போலவே பின்பக்கம் முதலில் எழும். அதைப் பார்க்கவென்றே நான் சில நாள் காலையில் மலையேறிப் போய், ஆய்வு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஃபோர்மன் ஒருவர் இருந்தார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், வேண்டாம். புதிதாக வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"நிக்கிற வண்டிய புடிச்சுகினு நிக்கிறது இன்னாது?"

"காத்து சார்" என்போம்.

"போய் எல்லாருக்கும் டீ வாங்கினு வா."

பிடித்துக்கொண்டு நிற்பது ஸ்பிரிங். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவுக்குள் முரட்டு ஸ்பிரிங் ஒன்று உட்கார்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும். காற்று வந்து அதை அமுக்கினால்தான் பிடி விடும். காற்று போனால் பிடி தானாக இறுகும். அதாவது, காற்றில்லாத வண்டி ஓடிப்போகாது. நின்ற இடத்தில் நிற்கும். அதை நம்பித்தான் மலைச்சாலையில் நாம் எல்லாரும் உயிரோடு போய் வருகிறோம். நின்ற இடமே நகரத் தொடங்கினால் என்ன செய்வது என்று ஃபோர்மன் கேட்டதில்லை. அதை என்னிடம் கேட்டது ஏழுமலை.

ஏழுமலை கேரவனின் டிரைவர். மணலூர்பேட்டைக்காரர். மழை மாதங்களில் பயணிகள் வர மாட்டார்கள் என்பதால் அவரும் அவர் மனைவி செல்வியும் வண்டிக்குக் காவலாக அங்கேயே தங்கியிருந்தார்கள். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் சமையல். வண்டிக்குள் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த சிறு அறையில் படுக்கை. அதாவது அவர்களுடைய வீடு அதுதான்.

புரட்டாசியில் விடாமல் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் மதியம், பணிமனைக்கு ஏழுமலையின் போன் வந்தது.

"சார், வண்டி காத்தே ஏற மாட்டேங்குது. எஞ்சின் ஓடுது. கம்ப்ரஸர்லேர்ந்து வர்ற பைப்பு வுட்டுடுச்சு. எல்லாம் வெளியிலயே போய்க்கினு கீது."

"பைப்பு இங்க இல்லப்பா. சேலத்துலேர்ந்து வரணும். நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு வண்டி இங்க இருக்குமான்னு தெரியல சார். கல்லடுக்கு ஒண்ணொண்ணா வுழுந்துகினு கீது. வண்டி ஓரமா தரை வெடிச்சிருக்கு. நிக்கிற எடமே போவுது. இன்னா பண்றது?"

இப்படி ஒரு செய்தி வந்தால் யாருக்கெல்லாம் தெரிவிக்க வேண்டும், எந்த வரிசையில் தெரிவிக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் தனிச் சுற்றறிக்கை இருக்கிறது. அதன்படி நடந்திருந்தால் இன்னும் தெரிவித்துக்கொண்டிருப்பேன். கருவிப் பையை எடுத்து ஜீப்பில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மேலே போகப் போக மழை மேகத்துக்குள்ளேயே சாலை நுழைந்துவிட்டது. மரங்கள் ஒவ்வொன்றாக வந்து முகம் காட்டிவிட்டு மறைந்தன. தண்ணீர் இறங்கும் ஓசை எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டது, தண்ணீர்தான் தெரியவில்லை. அந்த வெண்மைக்குள் எனக்குத் தூக்கத்தில் வண்டி ஓட்டுவது போல இருந்தது. எந்த அவசரத்துக்கும் அந்த மலையில் ஓசை குறைந்துவிடும்.

போய்ப் பார்த்தபோது வண்டி படுத்துக் கிடந்தது. இடப்பக்கச் சக்கரங்களுக்குச் சற்றுத் தள்ளி, மண்ணில் என் கை நுழையும் அகலத்துக்கு ஒரு பிளவு. கற்களுக்குக் கீழே ஓடை சிவப்பாக ஓடியது. வண்டியை மேலே, தார்ச் சாலைக்கு ஏற்றிவிட வேண்டும். தூரம் அதிகமில்லை. ஆனால் காற்றில்லாமல் ஸ்பிரிங் விடாது. பின்சக்கரங்கள் நான்கும் சத்தியம் செய்தது போல அசையாமல் நின்றன.

அந்நேரம் மேலே சாலையில் ஒரு லாரி வந்து நின்றது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைக்கு இறங்கும் லாரி. ஓட்டி வந்தவர் பாபு, சங்கராபுரத்துக்காரர், ஏழுமலைக்குப் பழக்கம். இறங்கி வந்து பிளவை எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமே, வூட்டோட ஆத்துக்குக் குளிக்கப் போறியா?"

"வாய மூடிகினு ஒரு கை குட்றா."

பாபுவிடம் யோசனை தயாராக இருந்தது. பின்சக்கர டப்பாவில் ஒரு போல்ட் உண்டு. அதை முறுக்கினால் காற்றில்லாமலேயே ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டிவிடலாம். "பிடி வுட்டுடும் சார். கயிறு கட்டி நான் மேல இழுத்துக்கிறேன். அஞ்சு நிமிஷ வேலை."

சமதரையில் அது சரியான யோசனை. அங்கே சமன்படுத்திய தரையே இப்போது ஓடையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. ஸ்பிரிங்கைக் கட்டிவிட்டால் பிடியும் இல்லை. டேங்கில் காற்றில்லாததால் மிதிக்கிற பிரேக்கும் இல்லை. கயிறு அறுந்தால் வண்டியும் போகும், ஏழுமலையும் போவார். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சரிவில் நிற்கும் வண்டிக்குப் பிடியை விடுவிப்பதும் மறுபடி பிடிக்கும் வசதியைத் தருவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அதற்குக் காற்றுதான் வேண்டும்.

காற்று லாரியில் இருந்தது. வெளியிலிருந்து காற்று ஏற்றவென்றே கேரவனின் முன் பம்பருக்கு அடியில் ஓர் இணைப்பு உண்டு. தடித்த ஹோஸை மாட்டினால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் டேங்குகள் நிரம்பிவிடும். கையேட்டில் படத்தோடு போட்டிருக்கிறது. நான் ஹோஸை எடுத்துக்கொண்டு பம்பரை நோக்கி நடந்தேன். ஏழுமலை குறுக்கே வந்து நின்றார்.

"சார், அது வேணாம்."

"எது வேணாம்?"

"முன்னாடி பாயின்ட்டு. வேற எங்கயாச்சும் குடுங்க சார்."

"தள்ளுப்பா. கல்லு வுழுற சத்தம் காதுல வுழலையா?"

அவர் நகரவில்லை. மேலதிகாரிக்கு முன்னால் அப்படி நின்று பழக்கமில்லாத மனிதர். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. நான் குனிந்து பார்த்தேன்.

மூடி இருக்க வேண்டிய இடத்தில், அந்த இணைப்பின் வாய் நிறைய, செம்மண்ணில் ஒரு குளவிக்கூடு. கொட்டைப்பாக்கைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தது போல வழவழப்பான அறைகள். அதற்கு மேலே பம்பரில் சந்தனம், அதில் ஒரு குங்குமப் பொட்டு.

வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை தங்கும் என்பார்கள்; செம்மண்ணில் கட்டினால் பெண், களிமண்ணில் கட்டினால் ஆண் என்றும் ஒரு கணக்கு உண்டு. எங்கள் பக்கத்தில் யாரும் அதை உடைக்க மாட்டார்கள். மின்சார மீட்டர் பெட்டிக்குள் கட்டியிருந்தால்கூட, கணக்கெடுக்க வருகிறவர் கழுத்தை வளைத்து எண்ணைப் படித்துக்கொண்டு போய்விடுவார். செல்விக்கு இதற்கு முன் இரண்டு முறை மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. ஆடியில் குளவி வந்தது. ஆடியில்தான் இந்த முறை மூன்றாம் மாதம் தாண்டியது. இப்போது ஐந்து.

பாபுவும் குனிந்து பார்த்தார். "செம்மண்ணு. அப்ப பொண்ணுதான் மாமே."

கொட்டகை வாசலில் நின்றிருந்த செல்வி அங்கிருந்தே சொன்னார்: "இந்த மலையில அதுக்கு வேற இன்னா மண்ணு கெடைக்கும்? களிமண்ணு வாங்க கள்ளக்குறிச்சிக்கா போவும்?"

என் கையில் திருப்புளி இருந்தது. இரண்டு குத்து, ஓர் ஊது, வேலை முடிந்தது. உடைந்த மண் உள்ளே போனாலும் பெரும்பகுதியை வடிகட்டி பிடித்துக்கொள்ளும். ஆகவே இந்த இடத்தில் எனக்குப் பெரிய தொழில்நுட்பத் தயக்கம் இருந்ததாக உங்களிடம் கதை விட மாட்டேன். படித்தவன், பொறியாளன், குளவிக்கும் கருப்பைக்கும் எந்தக் குழாய்வழித் தொடர்பும் இல்லை என்று அறிந்தவன். ஆனால் நான் அந்தக் கூட்டை உடைத்து, பிறகு எந்தக் காரணத்தாலாவது அந்தப் பிள்ளை தங்காமல் போனால், அந்த மனிதர் மீதி ஆயுளுக்கும் என் திருப்புளியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். அதற்கு நான் எந்த அறிவியலைச் சொல்லியும் பயன் இருக்காது.

இன்னொரு கல் பெயர்ந்து ஓடையில் விழுந்தது.

ஏழுமலை மனைவியைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற?"

செல்வி தலையில் போட்டிருந்த சாக்கை இழுத்து விட்டுக்கொண்டு கிட்டே வந்தார். "நான் இன்னா சொல்றது? கூட்ட ஒடச்சாலும் வவுத்துல இருக்கறது இருக்கும், ஒடைக்கலன்னாலும் இருக்கும்."

"அப்ப ஒடைக்கச் சொல்றியா?"

"ஒடைக்க வேணாம் சார்" என்றார் என்னிடம். "ஒடச்சீங்கன்னா இவுரு ராத்திரியெல்லாம் தூங்க மாட்டாரு. எழுந்து எழுந்து என் மூஞ்சியப் பாத்துகினு ஒக்காந்திருப்பாரு. இன்னும் நாலு மாசம் இத வச்சிகினு நான் இன்னா பண்றது?"

பாபு சிரித்துவிட்டார். ஏழுமலைகூட. எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பிள்ளை சுமப்பதில் செல்விக்கு வேலை இருந்தது. ஏழுமலைக்கு ஒன்றுமில்லை. பயப்படுவது மட்டும்தான். அந்தக் கூட்டுக்குக் காவல் இருப்பதை அவர் தன் பங்காக எடுத்துக்கொண்டிருந்தார்.

திருப்புளியைப் பைக்குள் போட்டேன்.

வேறு ஒரு வழி இருந்தது. டேங்கின் வயிற்றில் அழுத்தம் பார்ப்பதற்கான ஒரு சிறிய முனை உண்டு. அதில் மாட்டுகிற மெல்லிய கேஜ் ஹோஸ் என் பையில் இருந்தது. அளக்க வந்த குழாயைப் பின்வழியாகப் பயன்படுத்தி, லாரியில் டயருக்குக் காற்றடிக்கும் நீளக் குழாயோடு சேர்த்து டேங்குக்கு ஏற்றலாம். கையேடு அதை அனுமதிப்பதில்லை. வெளிக்காற்று வடிகட்டி வழியாகத்தான் போக வேண்டும். அதைவிடப் பெரிய குறை நேரம். முன் இணைப்பில் டீ குடிக்கிற நேரம் என்றால், இதில் உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரம். தரை அவ்வளவு நேரம் பொறுக்குமா என்பதுதான் கேள்வி. நான் பிளவின் இரண்டு பக்கமும் குச்சி நட்டு, நடுவில் விரலை வைத்துப் பார்த்தேன். கற்கள்தான் விழுந்தன, பிளவு அகலவில்லை. அகலத் தொடங்கினால் அப்போது கூட்டை உடைப்பேன், யார் குறுக்கே நின்றாலும் நிற்க மாட்டேன் என்று ஏழுமலையிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். குச்சிகளைப் பார்க்கும் வேலையை அவருக்கே கொடுத்தேன்.

"சார், அந்த ஸ்ட்ரா மாதிரி பைப்புல ஏத்தினா எப்ப ஏறி முடியும்? முன்னாடி வாயி மாதிரி ஒரு பாயின்ட்டு கீதே, கூட்டத் தட்டி வுட்டா போதாதா?" என்றார் பாபு.

"உயிருள்ளது குடியிருக்கிற இணைப்புல காத்து செலுத்தக் கூடாது. கையேட்டுல இருக்கு."

"அப்படியா? எங்க லாரிக்குமா?"

"ஏர் பிரேக் இருக்கிற எல்லா வண்டிக்கும்."

பாபு மரியாதையோடு தலையை ஆட்டினார். ஏழுமலை என்னைப் பார்த்தார். அவரும் அதே பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர்தான். அப்படி ஒரு வரி இல்லை என்பது அவருக்குத் தெரியும். குச்சிகளைப் பார்க்கக் குனிந்துகொண்டார். என் பணிக்காலத்தில் நான் இயற்றிய ஒரே விதி அது.

காற்று ஏறத் தொடங்கியது. மெல்லிய குழாயில் அது போகும் ஓசை, தூங்கும் குழந்தையின் மூச்சு போல, கவனித்தால் மட்டும் கேட்டது. மழை நின்றுவிட்டது. மேகம் தாழ இறங்கி ஓடையை மறைத்தது, சாமைக் கதிர்களை மறைத்தது, பிறகு லாரியை மறைத்தது. மேலே அதன் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. சாவி போட்டிருந்த கேரவனுக்குள் காற்று குறைவு என்று எச்சரிக்கும் பஸர் ஒரே சுதியில் கத்திக்கொண்டிருந்தது. செல்வி பாலில்லாத காப்பி கொண்டுவந்தார். நாங்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கோ ஒரு வெள்ளைத் துணிக்குள் சுற்றி வைக்கப்பட்டவர்களைப் போல நின்றிருந்தோம்.

அந்த இடைவெளியில் குளவி வந்தது. பனிக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு புள்ளி, இடுப்பு நூலாக ஒடுங்கி, வாயில் ஈரமண் உருண்டையோடு. பம்பருக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. வழியில் பாபுவின் கால் இருந்தது. அவர் நகர்ந்து வழிவிட்டார். அது உள்ளே போய் உருண்டையை ஒட்டவைத்துத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. உலகத்தில் அந்நேரம் உருப்படியாகப் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் பஸர் நின்றது. அது நின்ற பிறகுதான் அது எவ்வளவு நேரமாகக் கத்திக்கொண்டிருந்தது என்பதே தெரிந்தது.

"நின்னுடுச்சு சார்! எடுங்க!" என்று பாபு கத்தினார். ஏழுமலை ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"இரு" என்றேன்.

அன்றைய நாளில் கடினமான முடிவு குளவி பற்றியது அல்ல, இதுதான். பஸர் நிற்பது பிடி விடுமளவுக்குக் காற்று வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். மறுபடி பிடிக்குமளவுக்கு வந்துவிட்டது என்று பொருளில்லை. கம்ப்ரஸர் செத்த வண்டியில், ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும் கொஞ்சம் காற்று போகும், திரும்பி வராது. மேடேறும் பாதியில் அழுத்தம் விழுந்தால் ஸ்பிரிங் வந்து சக்கரத்தைப் பூட்டும். ஈரமண் சரிவில் பாதியில் பூட்டிக்கொண்ட வண்டியை எந்தக் குளவியும் காப்பாற்றாது. எல்லாரும் "போதும், போதும்" என்று சொல்லும்போது, அழுத்தமானியின் முள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு நீங்கள் பழக வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க முடியாது. உங்கள் முதுகுக்குப் பின்னால் கல் விழும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

இரண்டு கற்கள் சேர்ந்தே விழுந்தன. ஏழுமலை கண்ணாடி வழியாகக் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், குச்சி சாயுது" என்றார் செல்வி. முள் நான் நினைத்த இடத்துக்கு வரவில்லை, கிட்டத்தில் இருந்தது.

குழாயைக் கழற்றினேன். லாரிக்கும் கேரவனுக்கும் கயிறு கட்டிவிட்டு, பாபு மேலே போய் லாரியில் ஏறிக்கொண்டார். கயிறு கூட்டில் உரசிவிடுமோ என்று ஏழுமலை இறங்கி ஓடிவந்து, தன் துண்டை மடித்து இடையில் செருகிவிட்டு, மறுபடி ஏறினார். அவசரத்தைப் பற்றி அவருக்கு விளக்க எனக்கு நேரமில்லை.

"ஏழுமலை, பிரேக்க மிதிக்காத. மேல போய்ச் சேர்ற வரைக்கும் ஒரே மூச்சு. மிதிச்சா ஒரு தடவதான், அதோட சரி."

"தெரியும் சார்."

பார்க்கிங் பிரேக்கை விட்டார். சக்கரங்களிலிருந்து பெருமூச்சு போல ஓர் ஓசை. வண்டி முதலில் பின்னால், ஓடைப் பக்கமாக, ஒரு சாண் நகர்ந்தது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கியர் பிடித்தது. கயிறு விறைத்தது. சேற்றை வாரி இறைத்துக்கொண்டு அந்த வெள்ளை வீடு மேகத்துக்குள் ஏறியது, பாதியில் ஒரு முறை நின்று யோசித்தது, மறுபடி ஏறியது. கடைசியில் தாரின் மேல் சக்கரம் உருளும் ஓசையும், அவர் மிதித்த அந்த ஒரு பிரேக்கின் சீறலும் கேட்டன. வண்டி எங்களுக்குத் தெரியவில்லை. மேலிருந்து பாபுவின் குரல் மட்டும் வந்தது.

"ஏய் செல்வி! ஒன் வூடு ரோட்டுக்கு வந்துடுச்சு, வெளிய வந்து பாரு!"

கல்லடுக்கு அன்று சாயங்காலமே போயிற்று. வண்டியின் இடப்பக்கச் சக்கரங்கள் நின்றிருந்த மண்ணோடு, செல்வியின் துணி காயும் கொடியையும், துவைத்துப் போட்டிருந்த இரண்டு புடவைகளையும் எடுத்துக்கொண்டு போயிற்று. வண்டி சாலை ஓரத்தில் பாறைத் தரையில் நின்றது. ஏழுமலை மறுபடியும் பம்பருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்தார். "ஒண்ணும் ஆவல சார்" என்றார். வண்டியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்ள நான் தயாராக இருந்தேன்.

இப்படியான நிகழ்வுக்குப் பிறகு அறிக்கை எழுத வேண்டும். எழுதினேன். வெளிக்காற்றை முன் இணைப்பு வழியாக ஏற்றாமல் விதிக்குப் புறம்பாகச் சோதனை முனை வழியாக ஏற்றியதற்குக் காரணம் கேட்கும் கட்டம் ஒன்று இருந்தது. பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. "முன் இணைப்பு அச்சமயம் வேறொருவர் பயன்பாட்டில் இருந்தது" என்று எழுதினேன். அடியில் வழக்கம்போல, காணாமல் போன மூடிக்கு மாற்று மூடி அனுப்புமாறு கேட்டுக்கொண்டேன்.

பைப்பு சேலத்திலிருந்து வந்தது, மாட்டினோம். ஐப்பசியில் ஒரு நாள் மலைக்குப் போனபோது கூட்டின் ஒவ்வோர் அறையிலும் வட்டமாக ஒரு துளை இருந்தது. எல்லாம் பறந்துபோயிருந்தன. இனி எடுத்துவிடலாமா என்று ஏழுமலையைக் கேட்டேன். அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி என்னைப் பார்த்தார். மார்கழி முழுக்க அது அப்படியே இருந்தது. கையேட்டில் நான் சேர்த்த விதி காலி வீட்டுக்குப் பொருந்தாதுதான். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது சுருக்கமானது. மூடியைப் போட்டு வையுங்கள். போட மறந்தால் அந்த வாயில் யாராவது குடிவருவார்கள். குடிவந்த பிறகு பிரச்சினை காற்று சம்பந்தப்பட்டதாக இருக்காது. அப்போது இணைப்புக்குக் குறுக்கே ஒருவர் நின்றால், திருப்புளியை எடுப்பதற்கு முன் அவர் எதற்குக் காவல் நிற்கிறார் என்று கேளுங்கள். அதற்கும் நேரம் இருக்கும். இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

தையில் ஒரு நாள் காலை, ஆற்றுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிற வழியில், ஏழுமலை பணிமனைக்கு வந்தார். கையில் லட்டுப் பெட்டி. முந்தின வாரம் பிறந்திருந்தது. பெண். தாயும் பிள்ளையும் மணலூர்பேட்டை வீட்டில் நலம். பாபு சொன்னபடியே ஆகிவிட்டதே என்றேன்.

"அவன் வந்து பாத்தான் சார். செம்மண்ணு செம்மண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறான். செல்விதான், 'உன் லாரியில குளவி கட்டினா சொல்றேன், மொதல்ல உனக்குப் பொண்ணு குடுக்கறவன் வரட்டும்'னு அனுப்பி வச்சா." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "கூட்ட நேத்து நானே எடுத்துட்டேன் சார். தொடச்சி, தேங்கா நாரு உருட்டி அடைச்சி வச்சிருக்கேன், மூடி வர்ற வரைக்கும்" என்றார்.

"நீ தூங்கறியா இப்ப?"

"எங்க சார் தூங்கறது? அது தூங்க வுட்டாத்தானே."

அவர் போன பிறகு தபால் வந்தது. தலைமை அலுவலக உறை. என் அறிக்கைக்கான பதில். காற்று இணைப்பைத் துறைசாராத நபர் பயன்படுத்த அனுமதித்தது வருந்தத்தக்கது என்றும், அந்நபரை உடனடியாகக் காலி செய்வித்து, அவரது பெயர், அவர் குடியேறிய தேதி, காலி செய்த தேதி ஆகியவற்றைத் தெரிவிக்குமாறும், மூடி குறித்து அதன் பின்னர் பரிசீலிக்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். நான் லட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு இரண்டாவது முறை படித்தேன். பிறகு, அலுவலகத்துக்கு வரும் எந்தத் தபாலிலும் செய்ய வேண்டிய முதல் வேலையை, விதிப்படி, செய்தேன். வலது மேல் மூலையில் பெறப்பட்ட தேதியை எழுதினேன்: மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா, தை ஐந்து.